நாலாவது பிளக்

"பத்தே நிமிஷ வேலை சார்" என்று ஹரோல்ட் சொல்லி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

மைசூர் மைன்ஸ் பகுதியில் அவருடைய ஒர்க் ஷாப். வேப்பமர நிழலில் பானெட் திறந்தபடி உதய்யின் கார். முன் சீட்டில் அவன் மனைவி தேவிகா, தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கோலார் ஆஸ்பத்திரியில் தன் அம்மாவுக்குத் துணையாகப் பத்து ராத்திரி இருந்தவள், இன்றைக்குத்தான் தம்பி மனைவியிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறாள். வழியிலேயே வண்டி விட்டுவிட்டு இழுத்தது. நாலு ஸ்பார்க் பிளக்கும் போச்சு என்றார் ஹரோல்ட்.

உதய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு மணிக்கு அண்ணன் குடும்பம் சாப்பிட வருகிறது. ஆறு பேர். தேவிகா போய்த்தான் உலை வைக்க வேண்டும்.

மாற்றாமலே மாற்றினதாகச் சொல்லும் மெக்கானிக்குகளை அவனுக்குத் தெரியும். பழைய பிளக் நாலையும் தன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று முதலிலேயே கறாராகச் சொல்லியிருந்தான்.

எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வந்தால், ஹரோல்ட் முதுகைக் காட்டியபடி பெஞ்சில் குனிந்திருந்தார்.

"இன்னா பண்ணினு இருக்கீங்க?"

"கேப் பாக்கறேன் சார்."

"கம்பெனியிலயே சரியா வெச்சிதான குடுக்கறான்?"

"வர்ற வழியில எங்கனா விழுந்திருந்தா? துளி தப்பினாலும் மறுபடி மிஸ்ஸிங் வரும், வண்டி விட்டுவிட்டு இழுக்கும்."

மெல்லிய தகட்டை பிளக் முனையின் இடைவெளியில் நுழைத்தார், எடுத்தார், லேசாகத் தட்டினார், மறுபடி நுழைத்தார். மணப்பெண்ணுக்கு மை தீட்டுகிறவர் தோற்றார்.

பதினொன்றரைக்கு இரண்டு பிளக்தான் ஆகியிருந்தது. வேலை தெரியாத ஆள், இல்லாவிட்டால் வேலை காட்டுகிற ஆள் என்று உதய் முடிவு கட்டினான். தேவிகாவை எழுப்பி ஆட்டோவில் அனுப்பிவிடுகிறேன் என்று கிளம்பினான்.

"இதோ ஆச்சு சார். இன்னும் ரெண்டே பிளக்."

பன்னிரண்டு அடித்தது. உதய்க்குப் பொறுமை போய்விட்டது. நேராகக் காரிடம் போய்க் கதவில் கை வைத்தான்.

ஹரோல்ட் ஓடி வந்தார். பானெட்டை அறையாமல், இரண்டு கையாலும் மெல்ல அழுத்தி மூடினார்.

"வண்டி ரெடி சார். இந்தாங்க, நீங்க கேட்ட பழைய பிளக்."

உதய் டப்பாவைத் திறந்தான். கரி போகத் தேய்த்த நாலு பழைய பிளக். நாலிலும் கேப் அச்சாக ஒரே அளவு.

"தூக்கிப்போடற பிளக்குக்கு எதுக்கு கேப் வெச்சீங்க?"

ஹரோல்ட் காருக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"புதுசு நீங்க டீ குடிக்கப் போனப்பவே போட்டாச்சு சார். தங்கச்சி அப்படி அசந்து தூங்கினு இருந்துச்சி. எழுப்ப மனசு வரல."

பத்து ராத்திரி. உதய் அதை அப்போதுதான் எண்ணிப் பார்த்தான்.

தள்ளிப் போய் அண்ணனுக்குப் போன் போட்டான். இன்னொரு நாள் வாங்க, இன்னிக்கு வேணாம் என்றான்.

திரும்பி வந்தபோது தேவிகா பதறிக் கண் விழித்தாள்.

"மணி இன்னா ஆச்சு? வண்டி ரெடியா? சமைக்கணுமே."

உதய் டப்பாவை ஹரோல்டிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இன்னும் ஒரு பிளக் கேப் பாக்கணுமாம். நீ தூங்கு."