அண்ணாந்து

காலையிலிருந்து சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்த பெயிண்டர் லூர்துசாமி, பழைய சுண்ணாம்புத் தூசியில் விடாமல் இருமினார். கேட்கச் சகிக்காமல் மங்கையர்க்கரசி அடுப்பைப் பற்றவைத்தாள். சுக்கைத் தட்டி, மிளகும் துளசியும் போட்டு, இரண்டு டம்ளர் தண்ணீர் அரை டம்ளராகச் சுண்டும்வரை பக்கத்திலேயே நின்றாள். கருப்பட்டியைக்கூடத் தாராளமாகப் போட்டாள். கூலிக்கு வந்தவருக்கு இந்தக் காலத்தில் யார் இவ்வளவு செய்கிறார்கள் என்று தன்மேலேயே அவளுக்கு ஒரு பிரியம் வந்தது.

கொதிக்கக் கொதிக்க டம்ளரை நீட்டினாள். தண்ணீர் கேட்டு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது: “அண்ணாந்து குடிச்சிருங்க.”

அவர் ஆவியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். “சரிங்கம்மா” என்று தலையைச் சாய்த்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். கண்களில் நீர் முட்டியது. ‘வாய் வச்சே குடிங்க’ என்பது அவள் நாக்குவரை வந்து நின்றது. அதற்குள் டம்ளர் காலியாகிவிட்டது.

குழாயடியில் கழுவி, வாசற்படியில் கவிழ்த்து வைத்தார். “இருமலுக்கு நல்லா கேக்குதும்மா” என்றார். குரலே எழும்பவில்லை.

அதன்பிறகு அவர் இருமவே இல்லை. ஒரு தடவையாவது இருமமாட்டாரா என்று, சாயங்காலம்வரை அவள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள்.