நீக்கும் வசதி இல்லை

வீட்டார் பெயர்களைப் பதிந்து முகம் பார்த்துப் பேசும் புதிய குடும்ப டேப்லெட்டின் அறிமுக விழாவை வீட்டில் எல்லோரும் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இவ்ளோ ஆர்ப்பாட்டம் பண்ணிட்டு பேனா கூட தரலையேப்பா," என்றான் மகன் இனியன்.

"சார்ஜும் ஒரு நாள் நிக்காதாம்," என்றாள் மருமகள்.

நான் கேட்டது ஒன்றுதான். "பேரை நீக்குற வசதி இருக்கா?"

இனியன் தன் போனில் தேடிப் பார்த்தான். "இல்லப்பா. குடும்பத்துல பிறந்த யாரையும் இதுல நீக்க முடியாதாம். அவங்க கூப்பிட்டா வீட்டுல மணி அடிக்கும்."

என் மகள் பூங்கோதை வேறு சாதியில் மணந்த அன்று நான் அவளைத் தலைமுழுகினேன். ஈரத் துண்டோடு வந்து, பழைய டேப்லெட்டில் அவள் பெயரை நீக்கினேன். அதன்பின் அவள் குரலோ முகமோ இந்த வீட்டுக்குள் வந்ததில்லை. எங்கள் குடும்பம் ஊரில் தலைநிமிர்ந்து நின்றது.

"அப்படின்னா இது நம்ம வீட்டுக்கு ஆகாது," என்றேன்.

என் மனைவி தெய்வானை எழுந்து வந்து, இனியனின் போனை வாங்கினாள்.

"பேனாவும் வேணாம், ஒண்ணும் வேணாம். இதுக்குத்தான்டா காத்துக் கெடந்தேன். வாங்குறதுக்கு எங்க அமுக்கணும், காட்டு."

"தெய்வானை, குடும்ப மானம்..." என்று தொடங்கினேன்.

"அந்த வசதியும் இதுல இல்லைங்க," என்று சொல்லிவிட்டு அமுக்கினாள்.