அரிசிப் பானைக்குள் திறப்பு

“அரிசிப் பானைக்குள்ள கிடந்தது டொக்டர், வீடு பூட்டுற திறப்பு! நான் வைக்கேல்ல. வீட்டில இருக்கிறது நாங்கள் ரெண்டு பேர்தான். அப்ப ஆர் வைச்சது?”

“நான்தான்,” என்றார் அவள் கணவர் இரத்தினசிங்கம், களவு பிடிபட்டவரைப் போல.

முறையிட்ட புஸ்பராணிக்கே சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டாள். மூதூருக்கு லோஞ்சு ஓட்டுகிற மனுசன். நடுக்கடலில் பாதை மாறினால், கடற்படைக்காரரிடம் ‘மறந்துபோனேன்’ என்று சொல்ல முடியுமா? அதனால்தான், ஞாபகத்தைச் சோதிக்கிற டொக்டரிடம் தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று அவர் கெஞ்சியதும், கூடவே வந்துவிட்டாள்.

டொக்டர் றஹ்மா ஒரு கடதாசியை மேசையின் நடுவில் வைத்தார். “பதினொண்டு பத்து காட்டுற மணிக்கூடு ஒண்டு கீறுங்கோ.”

“புது நேரமோ, பழைய நேரமோ?” என்று கேட்டார் இரத்தினசிங்கம்.

அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிய வருசம் அது. போராளி இயக்கத்தின் பக்கம் பழைய நேரமே ஓடியது. டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அக்கரையில ஒரு நேரம், இக்கரையில ஒரு நேரம். இவருக்கு ரெண்டும் தெரியாது! தாங்கோ பென்சிலை,” என்று பறித்து, புஸ்பராணியே கீறிக் கொடுத்தாள்.

டொக்டர் அதை வாங்கிப் பக்கத்தில் வைத்தார். “வந்த உடனே மூண்டு சொல்லுச் சொன்னனான். ஞாபகம் இருக்கோ?”

இரத்தினசிங்கம் தலையைச் சொறிந்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

“என்ர முகத்திலயோ எழுதிக் கிடக்கு? கோயில்... கோயில்...” அவள் நிறுத்தினாள். “இந்த மனுசன் பக்கத்தில இருந்து சொறிஞ்சா எனக்குமெல்லோ மறந்துபோகுது!”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்த கையோடு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

டொக்டர் பேனையை எடுத்தார். பன்னிரண்டு எண்களும் ஒரே பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற அந்த மணிக்கூட்டுக்கு மேலே, போன கிழமை இரத்தினசிங்கம் தனியே வந்து ‘என்னைச் சோதிக்கிற மாதிரிச் சோதியுங்கோ’ என்று கேட்டுக்கொண்டபடி, நோயாளியின் பெயரை எழுதினார்: இ. புஸ்பராணி.

“அடுத்த முறை எண்டைக்கு வரவேணும் எண்டு என்னட்டயே சொல்லுங்கோ டொக்டர்,” என்றாள் அவள், கணவனின் சட்டைக் கொலரைச் சரிசெய்தபடி. “இவரிட்டச் சொன்னா மறந்துபோவார்.”