கண்ணாடி வாங்காதவள்

மூன்றாவது நாளாக அந்தப் பெண் கடைக்கு வந்துவிட்டாள். இருக்கிற பிரேம் எல்லாவற்றையும் மூக்கில் மாட்டிப் பார்த்தாயிற்று, ஒன்றையும் வாங்குகிற உத்தேசம் இல்லை.

பின்னறையில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருந்தவள் தடுப்புக் கண்ணாடி வழியாக அவளையே பார்த்தாள். கடையில் இவளுக்குப் பெயர் லென்ஸ் அக்கா. கையிலிருந்த எள்ளளவு ஸ்க்ரூ நழுவி விழுந்து போன இடம் தெரியவில்லை. காலையிலிருந்து இது நாலாவது.

வந்தவள் போனை உயர்த்தி, பின்னறைப் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்தாள். தடுப்புக்கு மேலே சுவர்க் கடிகாரம், கீழே லென்ஸ் அக்கா. எடுத்த கையோடு அதை யாருக்கோ அனுப்பினாள்.

லென்ஸ் அக்கா சட்டென்று குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். யாருக்கோ என்ன, அவனுக்குத்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன் புருஷனை விட்டு உடுத்திய துணியோடு ஓடி வந்தவள் இவள். அவன் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. கண்ணெதிரே நடந்ததை நடக்கவேயில்லை என்று சாதிப்பான். இவளுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊரை நம்பவைத்தான், கடைசியில் இவளையே நம்பவைத்தான். இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் தேனாகப் பேசியே திரும்ப இழுத்துப் போய்விடுவான். போனால் இந்த முறை மீள முடியாது.

முதலாளியம்மாவை உள்ளே கூப்பிட்டாள்.

"அம்மா, அவன் ஆள் அனுப்பியிருக்கான். அந்தப் பொண்ணு என்னைப் படம் எடுக்கிறா. இல்ல... எனக்குத்தான் அப்படித் தோணுதோ என்னவோ. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்களே."

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன தோணுது கீணுதுன்னு? பாத்தேன்னா பாத்ததுதான்."

வேலை கேட்டு வந்த அன்றும் முதலாளியம்மா இப்படித்தான், குறுக்குக் கேள்வி கேட்காமல் நம்பினார். இப்போது பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அரை மணி கழித்து அந்தப் பெண் மறுபடி போனை உயர்த்தினாள்.

"நானும் பாத்தேன்," என்றார் முதலாளியம்மா மெதுவாக.

தனக்குப் பைத்தியமில்லை என்று லென்ஸ் அக்காவுக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. அடுத்த நிமிஷமே அதுவும் போயிற்று. அப்படியானால் அவன் நிஜமாகவே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான்.

முதலாளியம்மா விடுவிடென்று போய் வாசலை மறித்து நின்றார்.

"யாரும்மா நீ? எதுக்கு எங்க பொண்ணைப் படம் எடுக்கிற? போலீசுக்குப் போன் போடட்டுமா?"

வந்தவளின் முகம் வெளிறிப்போனது.

"ஐயோ, வேணாங்க! அவங்களை எடுக்கலைங்க. அவங்க படத்துல விழாம கடிகாரத்தை மட்டும்தான் எடுத்தேன். கண்ணாடிக் கடைக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அரை மணிக்கு ஒரு தடவை மணியோட படம் அனுப்பலேன்னா..."

பின்னறைக் கதவைப் பிடித்துக்கொண்டு லென்ஸ் அக்கா வெளியே வந்தாள். மணியோடு படம். ஏழு வருஷம் அவளும் அனுப்பியிருக்கிறாள். இரண்டு நிமிஷம் பிந்தினாலும் அன்றைக்குச் சோறு தொண்டையில் இறங்காது.

"அவன் உன்னை அனுப்பலையா?"

"நான் இங்க வந்தது தெரிஞ்சா அவ்வளவுதான். உங்க தங்கச்சி கால்ல விழுந்துதான் விலாசம் வாங்கினேன். மூணு நாளா உங்ககிட்ட பேசத் தைரியம் வரல."

"நீ யாரு?"

வந்தவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள்.

"நீங்க விட்டுட்டு வந்த வீட்ல இப்போ நான் இருக்கேன்கா."