வீட்டு ஆட்கள்

பந்தி முடிந்ததும் எத்திராஜ் கொல்லைப்புறம் போய், குழியில் கிடந்த எச்சில் இலைகளைக் குச்சியால் புரட்டி எண்ணினான்.

பதின்மூன்று.

மெஸ்காரி அம்சவேணி சொன்ன கணக்கு பன்னிரண்டு. நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும் இப்படித்தான். ஒரே ஒரு இலை தினமும் இடித்தது.

சித்தூரில் சாப்பாட்டுக் கடைக்காரரும் சலவைக் கடைக்காரரும் முடிவெட்டுகிறவரும் மாதம் என்ன வரும்படி பார்க்கிறார்கள் என்று எழுதி வரச் சொல்லி சர்க்கார் அவனை அனுப்பியிருந்தது. கேட்டால் யார் சொல்வார்கள்? வரிக்காரன்தான் வேஷம் மாற்றி வந்திருக்கிறான் என்று ஊரே ஒரே குரலில் பஞ்சப்பாட்டுப் பாடியது. அதனால் அவன் ஆளைக் கேட்பதை விட்டுக் குப்பையைக் கிளற ஆரம்பித்தான். முடிவெட்டும் கடையில் மயிர்க்குவியல், மெஸ்ஸில் எச்சில் இலை.

கணக்கு இடித்தால் அவனுக்கும் ஆபத்து, அவளுக்கும் ஆபத்து. பொய்க் கணக்கு என்று எழுதி அனுப்பினால் வரி ஆபீஸ் ஆள் வந்து நிற்பான். அப்புறம் அவள் அடுப்பு எரியாது. சரி என்று எழுதி, மேலதிகாரி வந்து இலையை எண்ணிவிட்டால் இவனுடைய தற்காலிக வேலை போய்விடும்.

கோர்ட்டுக்குப் பின்னால் அவள் தனி மனுஷியாக நடத்துகிற மெஸ். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம், பிள்ளை குட்டி கிடையாது. அவள் சாப்பிடுவதும் அலுமினியத் தட்டில். அப்படியென்றால் அந்த இலை யாருடையது?

அன்றைக்குப் பந்தியில் வக்கீல் குமாஸ்தாக்கள் மாநில எல்லைப் பேச்சில் கட்டிப் புரளாத குறை. புத்தூர் மதராஸோடு போகுமா, ஆந்திராவிலேயே நிற்குமா என்று ஆளுக்கொரு கட்சி. ஒவ்வொருவனுக்கும் அந்தப் பக்கம் ஒரு மாமியார் வீடு, இந்தப் பக்கம் ஒரு பங்காளி. மூலையில் இருந்த எத்திராஜுக்கு எந்தப் பக்கத்திலும் யாரும் இல்லை. சத்தியவேட்டில் பெற்றவர்கள் போன பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்கவும் நாதியில்லை. ஊர் ஊராகப் போய் அடுத்தவன் வரும்படியை எழுதுவதோடு அவன் பொழுது கழிந்தது.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தான். குரலை விறைப்பாக வைத்துக்கொண்டு, தினமும் ஒரு ஆளை மறைக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டான்.

எச்சில் இடத்தைச் சாணி போட்டு மெழுகிக்கொண்டிருந்த அம்சவேணி நிமிர்ந்தாள். முதல் நாளிலிருந்து சார், சார் என்றவள் இப்போது அதை மறந்துவிட்டாள்.

"அது நீ துன்ன எலைபா. காசு வாங்காத சோத்தப் போயி வியாபாரத்துல எப்டி சேக்கறது?"

எத்திராஜின் முகம் செத்துவிட்டது.

முதல் நாள் அவன் நீட்டிய காசை அவள் தள்ளிவிட்டாள். எல்லாக் கடையிலும் பயந்துகொண்டு காபியும் வடையும் நீட்டுவார்கள், இதுவும் அந்த ரகம்தான் என்று அவன் விட்டுவிட்டான். ஆனால் மற்றவர்கள் வடையோடு சேர்த்து, கணக்கைக் கொஞ்சம் குறைத்து எழுதச் சொல்லிக் கெஞ்சுவார்கள். இவள் இன்னும் கொஞ்சம் ரசம் வேண்டுமா என்று மட்டும்தான் கேட்டாள்.

ஊரில் ஒருத்தரை விடாமல் எண்ணுகிறவன் தன்னை எண்ணவில்லை. தன்னையும் ஒரு ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிருந்தது. அதை நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சட்டைப்பைக்குப் போன கை பாதியில் நின்றது. காசைக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடும். அவனும் பத்தோடு பதினொன்றாக ஒரு வாடிக்கைக்காரன் ஆகிவிடுவான். கையை இறக்கிவிட்டான்.

காசு வராத சாப்பாட்டுக்குப் படிவத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. 'வீட்டு ஆட்கள்' என்று தலைப்பு. உரிமையாளரைத் தவிர எத்தனை பேர், அவருக்கு என்ன உறவு என்று எழுத வேண்டும்.

ஒருவர் என்று எழுதினான். உறவு என்ற இடத்தில் பேனா தயங்கியது. மனசில் வந்ததை எழுதத் துணிச்சல் இல்லாமல், கொஞ்சம் தள்ளி ஒரு உறவை எழுதினான்.

எழுதியதை உரிமையாளருக்கு உரக்கப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்க வேண்டும் என்பது விதி. படித்தான். அரிசி, விறகு, இலைக்கட்டு எல்லாம் சரளமாக வந்தன. கடைசி வரியில் வேகம் குறைந்தது. வீட்டு ஆட்கள் ஒருவர், உறவு அக்கா மகன் என்று தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தான்.

அம்சவேணி மெழுகுவதை விட்டுவிட்டு அவனையே பார்த்தாள். சிரித்துவிட்டால்கூடப் போதும், எழுந்து ஓடிவிடலாம் என்றிருந்தது அவனுக்கு. அவமானத்தில் முழு வரியையும் அடிக்கப் பேனாவை எடுத்தான்.

ஈரக் கையால் அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எனக்கு அக்காவே கெடையாது. அந்த ஒண்ண மட்டும் அடிச்சிடுபா."

அந்த ஒரு சொல்லை மட்டும் அவன் அடித்தான்.

மிச்சமிருந்த சொல்லைத் திரும்பப் படிக்க அவனுக்கு வாய் வரவில்லை. அவள் படிக்கச் சொல்லவும் இல்லை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மை தொட்ட கட்டைவிரலை அதற்குப் பக்கத்திலேயே வைத்து அழுத்தினாள்.