இரண்டாம் சாட்சி

யாழ்ப்பாணத்தில் காணி உறுதிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்த நான், எண்பத்தாறில் பிரான்சில் லா சப்பல் கடையொன்றில் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டிருந்தேன். ஓர் அமெரிக்கப் பெண், தன் மூதாதையர் அமெரிக்காவில் குடியேறிக் காணி வாங்கி விற்ற உறுதிகளைக் கொண்டுவந்தாள். பழக்கதோஷம், நான் முதலில் சாட்சிகளைத்தான் பார்ப்பேன். 1671, 1704, 1752. மூன்றிலும் இரண்டாம் சாட்சி கையெழுத்துக்குப் பதிலாக ஒரே மாதிரித் தூண்டில் முள் ஒன்றைக் கீறியிருந்தார்.

“தகப்பன், மகன், பேரனாக இருக்கலாம்,” என்றாள்.

அந்த முள்ளை நான் எங்கோ கண்டிருந்தேன். வீட்டுக்குப் போய், பிரான்சுக்கு வருவதற்காக மனைவி கையெழுத்துப் போட்டு விற்ற எங்கள் காணியின் உறுதிப் பிரதியை எடுத்தேன். இரண்டாம் சாட்சியின் இடத்தில் அதே முள்.

“கலா, இது ஆர்?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“காணி வித்த அண்டைக்குக் குடையோடை வந்த மனிசன். நேற்றும் மெத்ரோ வாசலிலை கண்டனான். இஞ்சை எப்ப காணி வாங்கப்போறியள் எண்டு கேட்டவர்.”