எழும்பாத மீராசாஹிப்

கனகசிங்கப் போடியார் கடைக்குள் வந்து நின்றும் மீராசாஹிப் எழும்பவில்லை.

வயலும் களமும் உள்ள அமிர்தகழிப் போடியார் காத்தான்குடிக்கு வந்தால், துணிக்கடை மீராசாஹிப் எழுந்து பாயைத் தட்டிப் போட்டு, வெற்றிலை வட்டாவை நகர்த்துவார். தகப்பன்மார் காலத்து வழக்கம் அது. இன்றைக்கு மனிதர் துணிப் பெட்டகத்தின் மேல் சப்பாணி கட்டி உட்கார்ந்தபடியே வட்டாவைத் தள்ளிவிட்டார்.

போடியாருக்குச் சுருக்கென்றது.

வெள்ளைக்காரனுக்கும் யப்பான்காரனுக்கும் சண்டை மூண்டதிலிருந்து ஊர் இப்படித்தான். யப்பான் துணி நின்றது, பர்மா அரிசியும் நின்றது. முஸ்லிம்களான சோனகர் துணியைத் தங்கள் ஆட்களுக்கு ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அமிர்தகழியில் கதை. தமிழர் நெல்லை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று காத்தான்குடியில் கதை. ஒன்றுக்கும் சாட்சி கிடையாது, ஆனாலும் இரண்டும் நன்றாகக் கொழுத்துக்கொண்டிருந்தன.

போடியார் நேற்றுவரை நம்பவில்லை. மகளின் கலியாணத்துக்கு ஒரு கூறைச்சீலை மீராசாஹிபிடம் இல்லாமலா போகும்?

"அல்லா அறிய ஒரு முழமும் இல்ல போடியார்" என்றார் மீராசாஹிப்.

மூலையில் அவருடைய மைத்துனர் மஜீட்டும் துணிக்குத்தான் காத்திருந்தார். தன்னை அனுப்பிவிட்டு மைத்துனருக்குப் பெட்டகத்தைத் திறக்கப் போகிறார் என்று போடியாருக்குப் பட்டது. இன்றைக்குச் சீலை கிடைக்காவிட்டால், இனிக் காத்தான்குடி வண்டிக்குத் தன் களத்தில் ஒரு மணி நெல் கிடையாது. அப்படி முடிவுகட்டிக்கொண்டு அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பள்ளியில் பாங்கு கேட்டது. மஜீட் எழுந்தார்.

"முன்னால போங்க மச்சான், எனக்குக் கால் விறைச்சிப் போச்சு" என்றார் மீராசாஹிப்.

தொழுகைக்கும் எழும்பாத மனிதர் சும்மாவா இருக்கிறார்? மஜீட் தெருவில் இறங்கியதும் போடியார் பாய்ந்துபோய் மீராசாஹிபைத் தோளில் பிடித்துத் தூக்கிவிட்டுப் பெட்டகத்தைத் திறந்தார்.

உள்ளே ஒரு கரப்பான்பூச்சி இருந்தது.

திரும்பிப் பார்த்தார். மீராசாஹிபின் இடுப்பில் கிடந்த சாறன் நைந்து, பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்திருந்தது. ஊருக்கெல்லாம் துணி விற்ற மனிதர் இரண்டு கையாலும் பின்னால் பொத்திக்கொண்டு நின்றார்.

போடியாருக்குச் சிரிப்பு வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. தோளில் கிடந்த புதுச் சால்வையை எடுத்து அவருடைய இடுப்பில் சுற்றிவிட்டார். மகள் தாயின் கூறையை உடுத்துக்கொள்ளட்டும். நெல் வண்டி நாளைக்கே இங்கு வரும்.

மீராசாஹிப் கண்ணைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடினார்.

போடியார் வெறும் தோளோடு, மனம் நிறைந்து, பள்ளியைக் கடந்து நடந்தார். மதிலுக்கு அப்பால் கால் கழுவிக்கொண்டிருந்த மஜீட் யாருக்கோ சொல்வது கேட்டது.

"மச்சான்ட இடுப்பப் பாத்தீங்களா? போடியார்ட புதுச் சால்வை. நெல்லு மட்டுமில்ல, துணியையும் தமிழாக்கள்தான் ஒளிச்சி வெச்சிரிக்காங்க."